எடை எந்தக் காலில்

குழுவின் கடிதத்தில் என்னைப் பற்றி ஒரு வரி:
'கிழக்கும் மேற்கும் கைகுலுக்கும் சிற்பி.'
வாசித்துவிட்டு மெழுகுச் சட்டியை அடுப்பில் ஏற்றினேன்.
யாரும் கைகுலுக்கவில்லை இங்கே.
குங்கிலியம் கூடிப்போய்ப் பட்டறை முழுக்கப் புகை.
டெரெக் ஓடிவந்து
எச்சரிக்கை மணியின் பேட்டரியைக் கழற்றினான்.

ஹாமில்டன், பார்ட்டன் தெரு.
ஆஸ்பத்திரி வாசலில், பேருந்து நிறுத்தத்தின் பக்கத்தில்
ஆளுயர வெண்கலம் வேண்டுமாம்.
உழைப்பவர், யாராவது.

யாராவது என்பவர் லூர்திஷ்.
மூன்றாம் மாடியில் இரவெல்லாம் தரை துடைப்பவர்,
அசோர்ஸ் தீவுக்காரி.
என் நாக்கில் அவர் லூர்து.
அதற்கும் திரும்பிப் பார்ப்பார்.

காலை ஏழரைக்குப் பனியோடு வந்து நின்றார்.
சப்பாத்தைக் கழற்றுங்கள் என்று
அவசரத்தில் தமிழில் சொல்லிவிட்டேன்.
கழற்றினார்.
இருவரும் ஒருவரையொருவர் பார்த்தோம்.
அன்றைக்கு அளவெடுக்கவில்லை;
கதிரை, மேசை, யன்னல், துவாய், சாவி என்று
பட்டறையைச் சுற்றிச் சுற்றி விரல் நீட்டினோம்.
கப்பலில் வந்தவர்கள்
கோயிலை இடித்துக் கோட்டை கட்டினார்கள்,
போகும்போது கதிரையை விட்டுப்போனார்கள்.
நான் அதில்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

மறுநாள் அளவு.
கல்லூரியில் படித்த கணக்கில் உடம்பு எட்டுத் தலை.
வார்ப்புக்கூடத்தில் பழகிய கணக்கில் ஒன்பது தாலம்.
நூலை நீட்டினேன், கவராயத்தை விரித்தேன்,
லூர்து இரண்டுக்கும் எட்டவில்லை.
"நான் கட்டையோ?"
கணக்குத்தான் நெட்டை என்றேன்.

நிற்பதில் வந்தது சிக்கல்.
கிரேக்க இளைஞன் ஒரு காலில் பாரத்தை வைப்பான்,
மற்றது இளைப்பாறும்.
சோழ நாட்டுத் தேவி அதே பாரத்தைக்
கழுத்தில் கொஞ்சம், இடையில் கொஞ்சம்,
முழங்காலில் கொஞ்சம் என்று வளைத்துக் கொடுப்பாள்.
இரண்டையும் ஆயிரம் தடவை வரைந்த கை இது.
லூர்தோ கேட்காமலே
இடுப்பை வலப்பக்கம் தள்ளி, வலத்தோள் தாழ,
தலை யன்னல் பக்கம் சாய நின்றார்.
எங்கே பழகினீர்கள் இதை?
"இடது முழங்கால். எட்டு வருடம்.
ஒப்பரேஷனுக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன்."

எங்கள் வார்ப்பில் உள்ளே கனம்.
"எழுநூறு கிலோ உலோகம், யார் காசு?" என்றான் டெரெக்.
ஆகவே லூர்து உள்ளே பொள்ளல்.

கண் மட்டும் மிச்சம்.
கருமணியில் குழி தோண்டினால் ஒளி அங்கே தங்கும் என்பது ஒரு படிப்பு.
விடியலில், பொன்னூசியால், எல்லாவற்றுக்கும் கடைசியாக என்பது இன்னொன்று.
இரண்டையும் நினைத்துக்கொண்டே
கம்பியைச் சூடாக்கித் திரும்பினேன்.
லூர்து நின்றபடியே தூங்கிவிட்டார்.
இமை முழுக்க மூடவில்லை.
கீழே ஒரு நெல்லளவு வெள்ளை.
மூச்சு விட்டேனோ தெரியாது,
அதை அப்படியே மெழுகில் எடுத்தேன்.

பெப்ரவரியில் திறப்பு விழா.
திருமதி ஹாலோரன் ஒலிவாங்கியைப் பிடித்து,
"கிழக்கின் தியானம் முழுவதும் இந்த அரைக்கண்ணில்" என்றார்.
கையுறைக் கைதட்டலுக்கு ஓசை கிடையாது.
அதனால்தான் லூர்து என் காதில் சொன்னது
முன்வரிசைக்கும் கேட்டது:
"தூக்கம் அது. விடியற்காலை நாலு மணித் தூக்கம்."

ஜூனில் முழங்காலை மாற்றினார்கள்.
இப்போது சிலைக்குப் பக்கத்தில்
குச்சிபோல நேராக நிற்கிறார்.
"இனி இவள் நானில்லை, பாவம்,
இவளுக்கு யார் ஒப்பரேஷன் செய்வது?"
வெண்கல முழங்கையில் யாரோ
பலசரக்குப் பை ஒன்றை மாட்டிவிட்டு
சில்லறை தேடிக்கொண்டிருந்தார்கள்.

பேருந்து வந்தது.
படியில் ஏறும்போது பார்த்தேன்:
புது முழங்காலையும்
இன்னும் பொத்திப் பொத்தித்தான் வைக்கிறார்.